மதியத்துக்கு மேல் வருகிறவருக்குத் தீம் பார்க் டிக்கெட்டைக் குறைக்கலாமா? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் நான் அதிகம் கேட்ட கேள்வி ரைடுகளைப் பற்றியது அல்ல. "ஏன் தம்பி, ஏழு மணிக்குப் பூட்டிடுவீங்க. இப்பவே மூணே முக்கால் ஆச்சு. முழுப் பணமும் கேக்கறீங்களே?" என்பதுதான். கேட்டவர் பர்ஸைத் திறந்து கையில் வைத்தபடியே நிற்பார். பின்னால் இரண்டு பிள்ளைகள் கம்பித் தடுப்பில் தொங்கிக்கொண்டு, உள்ளே சுற்றும் ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். "எந்நேரம் வந்தாலும் ஒரே விலைதாங்க" என்பேன். சிலர் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். பலர் பிள்ளைகளின் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். அன்று மாலை உள்ளே பாதி இருக்கைகள் காலியாகவே ஓடியிருக்கும். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாமதமாக வருகிறவருக்கு விலை குறைய வேண்டும். ஆனால் "மீதி நேரம் குறைவு, ஆகவே விலை குறைவு" என்ற கணக்கில் அல்ல. அந்தக் கணக்கில் இறங்கிய பூங்கா, காலையிலேயே வந்தவரின் நேரத்தை எடுத்து மாலையில் வந்தவருக்குக் கொடுத்துவிடும். பூங்கா நடத்துகிறவர்கள் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்போம். டிக்கெட் வாங்குகிறவர்களுக்கும் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

ரைடு எத்தனை, மணி எத்தனை அல்ல. பூங்காவுக்குள் நிற்க யாரும் பணம் கொடுப்பதில்லை. ஏறி இறங்கத்தான் கொடுக்கிறார்கள். காலை பத்து மணிக்கு வந்தவர் இரவு எட்டு வரை இருந்து ஒன்பது ரைடு ஏறினார் என்று வையுங்கள். நாலு மணிக்கு வந்தவர், கூட்டம் கலையத் தொடங்கிய பிறகு அதே எட்டு மணிக்குள் ஐந்து ஏறிவிடலாம். நேரக் கணக்குப்படி அவருக்குக் கிடைத்தது பத்தில் நாலு பங்கு. ரைடு கணக்குப்படி பாதிக்கு மேல். விலையை எந்தக் கணக்கில் வைப்பது என்பதில்தான் பாதி முடிவு அடங்கியிருக்கிறது. உங்கள் பூங்காவில் இந்த எண்கள் வேறாக இருக்கும். எடுத்துப் பார்க்காமல் விலை வைக்காதீர்கள்.

வரிசை. ஒரு ரைடு மணிக்கு 1,200 பேரை ஏற்றும், வரிசையில் 600 பேர் நிற்கிறார்கள் என்றால் காத்திருப்பு அரை மணி நேரம். மாலைக் கூட்டத்தில் இன்னும் 200 பேர் சேர்ந்தால் 40 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைத் தன் கையிலிருந்து கொடுப்பவர், காலையில் முழு விலை கொடுத்து வந்தவர். ஆனால் வண்டி காலி இருக்கையோடு கிளம்புகிற வேளையில் இன்னொருவர் ஏறினால் யாருக்கும் எதுவும் குறையாது. வண்டி நிரம்பி ஓடினாலும் காலியாக ஓடினாலும் இயக்குகிற ஆட்கள் அதே ஆட்கள், மின்செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே கேள்வி இதுதான்: உங்கள் பூங்காவில் மாலையில் இருக்கை காலியாகப் போகிறதா? எந்தக் கிழமையில், எந்த மணியிலிருந்து?

வருமானம். "சும்மா கிடக்கிற இடம்தானே, கிடைத்த வரை லாபம்" என்று அவசரமாகச் சொல்லிவிடுகிறார்கள். டிக்கெட் 100, மாலை விலை 60 என்று வைத்துக்கொள்வோம். நாலு மணிக்கு மேல் ஏற்கெனவே முழு விலை கொடுத்து 100 பேர் வருகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் 40 குறைந்தால் இழப்பு 4,000. காலையில் வந்திருக்க வேண்டியவர்களில் 50 பேர் "நாலு மணிக்கே போய்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் இன்னொரு 2,000. ஆக 6,000. புதிதாக வரும் ஒருவர் டிக்கெட்டுக்கு 60-ம், உள்ளே சாப்பாடு, பொம்மை என்று லாபமாக 20-ம் தருகிறார் என்றால் அவரால் வரவு 80. 6,000-ஐ 80-ஆல் வகுத்தால் 75. விலை குறையாவிட்டால் வந்தே இருக்க மாட்டார்கள் என்னும்படியான 75 பேர் ஒவ்வொரு நாளும் வந்தால்தான் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். தள்ளிப்போட்ட அந்த 50 பேர் மதியச் சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொண்டு வருவார்கள் என்பதையும் சேர்த்தால் 75 போதாது.

நியாயம். இதைக் கடைசியில் வைத்தாலும், புகார்ப் புத்தகத்தில் முதலில் வருவது இதுதான். கீழே சொல்கிறேன்.

## வழி ஒன்று: எந்நேரமும் ஒரே விலை

போர்டில் ஒரு எண், கவுண்டரில் ஒரு பதில், வாசலில் சோதனை குறைவு. யாரும் யாரோடும் விலையை ஒப்பிட்டு வயிறெரிய வேண்டியதில்லை. ஆறு மணிக்கே மூடிவிடும் பூங்காவுக்கும், மாலை வரை வரிசை குறையாத பூங்காவுக்கும் இதுவே சரி. அங்கே மாலையில் விற்க மிச்சம் எதுவும் இல்லை.

இதன் மறைமுகச் செலவு கணக்குப் புத்தகத்தில் ஏறாது. திரும்பிப் போனவர்களை யாரும் எண்ணுவதில்லையே. இன்னொன்றும் உண்டு. ஒரே விலை உள்ள இடங்களில், சீக்கிரம் கிளம்புகிறவரின் கைப்பட்டையை வாசலில் கேட்டு வாங்கி உள்ளே நுழையப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். அதைத் தடுக்கத்தான் கழற்றினால் கிழிந்துபோகும் பட்டை, புகைப்படம், விரல்ரேகை என்று பூங்காக்கள் செலவு செய்கின்றன. உங்கள் வாசலில் அந்தக் கைமாற்று நடக்கிறது என்றால், மாலை டிக்கெட்டுக்கு ஆள் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

## வழி இரண்டு: தனியாக ஒரு மாலை டிக்கெட்

குறிப்பிட்ட நேரத்துக்கு மேல்தான் செல்லும், அதற்கென்று ஒரு பெயர், ஒரு விலை. உலகில் நன்றாக நிலைத்திருக்கும் வழி இது. சியோலில் உள்ள லோட்டே வேர்ல்டில் நாலு மணிக்கு மேல் 'ஆஃப்டர் 4'. ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் மூன்று மணியிலிருந்து 'ட்வைலைட் பாஸ்'. டோக்கியோ டிஸ்னியில் இது இரண்டு வகையாக இருக்கிறது: சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மூன்று மணியிலிருந்து ஒன்று, வேலை நாள்களில் ஐந்து மணியிலிருந்து இன்னொன்று.

அந்த வேலைநாள் டிக்கெட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வழக்கமாக இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் பூங்கா அது. ஐந்து மணிக்கு நுழைபவருக்கு நாலு மணி நேரம், அதாவது முழு நாளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கிறது. விலையோ பகல் டிக்கெட்டில் பாதியைவிடச் சற்று அதிகம். மணிக்கணக்கில் விலை வைக்கவில்லை; மாலையில் வரிசை குறைவு, இரவு விளக்கு, வாணவேடிக்கை என்று அந்த வேளைக்கு உள்ள மதிப்பை வைத்து விலை வைத்திருக்கிறார்கள். வேலை நாளில் ஐந்து மணி என்பதும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்த நேரம் அல்ல. அந்த நேரத்தில் வரக்கூடியவர் வேலை முடித்து வருபவர். காலையில் முழு விலைக்கு அவர் வந்திருக்கவே முடியாது. மேலே சொன்ன கணக்கில் பூங்காவைக் கடிக்கும் அந்த 50 பேர், தள்ளிப்போட்டு வருகிறவர்கள், இதனால் வெகுவாகக் குறைந்துவிடுகிறார்கள்.

நியாயத்துக்கு வருகிறேன். மாலை டிக்கெட் விற்ற ஒரு பூங்காவிலும் நான் இருந்திருக்கிறேன். அங்கே மாலைக்கு ஆரஞ்சு நிறப் பட்டை கொடுத்தோம், பகலுக்கு நீலம். ஒரு நாள் வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மா, முன்னால் நின்றவரின் ஆரஞ்சுப் பட்டையைக் காட்டி "நீங்க எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார். தொகையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. நேராகக் கவுண்டருக்கு வந்தார். அவருக்கு அட்டவணையைக் காட்டினேன்: பகல், மாலை, இரண்டு விலையும் பக்கத்தில் பக்கத்தில். ஒரு நிமிடம் பார்த்தார். "அப்போ நாலு மணிக்கு மேலதான் அவங்களுக்கு. சரி" என்று போய்விட்டார். இதே அம்மா, மேலாளரிடம் பேரம் பேசி ஒருவர் விலை குறைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டிருந்தால் அவ்வளவு எளிதில் விட்டிருக்க மாட்டார். முன்கூட்டியே எழுதிப்போட்ட வித்தியாசத்தை ஜனங்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கவுண்டரில் ஆளைப் பார்த்து இளகுவதைத்தான் மன்னிப்பதில்லை. "பாவம், கடைசி நேரத்தில் வந்திருக்கிறார்கள்" என்று ஊழியர் மனம்போல் குறைக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

மறைமுகச் செலவுகள் இதற்கும் உண்டு. மாலை டிக்கெட்டுக்காரர்கள் பூங்கா முழுக்கப் பரவ மாட்டார்கள். பேர்போன இரண்டு ரைடுகளுக்கும் வாணவேடிக்கை நடக்கும் இடத்துக்கும் நேராக ஓடுவார்கள். பூங்காவின் மொத்தக் கூட்டம் குறைவாகவே இருக்க, அந்த இரண்டு வரிசை மட்டும் வீங்கும். அடுத்தது பார்க்கிங்: பகல் ஆட்கள் கிளம்புவதற்குள் மாலை வண்டிகள் வந்து நிற்கும். மூன்றாவது, ரைடு பழுது. பத்து மணி நேரம் உள்ளவருக்கு ஒரு மணி நேரப் பழுது சின்ன எரிச்சல். மூன்று மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. மழை, பழுது என்றால் என்ன செய்வோம் என்று டிக்கெட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

## வழி மூன்று: மணி ஏற ஏற விலை இறங்குவது

காகிதத்தில் அழகாகத் தெரியும் வழி இது. ஒரு மணிக்கு இவ்வளவு, இரண்டு மணிக்கு இன்னும் குறைவு, மூன்றுக்கு அதைவிடக் குறைவு. வாசலில் நின்று பார்த்தவன் என்ற முறையில் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு பூங்காவில், நாலு மணிக்கு விலை இறங்கும் என்று ஒரு சீசனில் போர்டு வைத்தார்கள். ஒரே ஒரு இறக்கம்தான். மூன்றரைக்கே மதில் நிழல் முழுக்க ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று ஐம்பதுக்குக் கவுண்டர்கள் எதிரில் ஆளே இல்லை. நாலு மணி ஆனதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தார்கள். நாலு மணிதான் எங்களுக்கு ஷிஃப்ட் மாறும் நேரமும். நாலு கவுண்டரில் ஒன்று பெட்டிக் கணக்கு முடிக்க மூடியிருந்தது. கடைசி ஆள் உள்ளே போனபோது மணி நாலு முப்பத்தைந்து. ஒரு பெரியவர் என் ஜன்னலில் கையை ஊன்றி, "நேரத்துக்குத்தான் விலைன்னு சொன்னீங்க. இந்த அரை மணிக்கு என்ன விலை?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படி ஒரு இறக்கமே வாசலை அடைத்தால், மணிக்கொரு இறக்கம் மணிக்கொரு அடைப்பு.

மாலை டிக்கெட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. அதற்குத் தீர்வு எளிது: வருகிற நாளுக்கு முன்பே ஆன்லைனில் விற்பது, அல்லது மூன்று மணியிலிருந்தே பட்டையைக் கட்டிவிட்டு நாலு மணிக்கு வாசலைத் திறப்பது. மணிக்கணக்கு விலைக்கு இந்தத் தீர்வும் சரிவராது, ஏனென்றால் அடுத்த இறக்கம் எப்போதும் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்து ஆளைக் காத்திருக்கச் சொல்லும்.

## வழி நான்கு: இன்று தாமதம், நாளை இலவசம்

விலையைக் குறைப்பதில்லை, நாளைக் கூட்டுகிறார்கள். அமெரிக்காவில் டென்னசியில் உள்ள டாலிவுட் என்ற தீம் பார்க்கில் மூன்று மணிக்கு மேல் டிக்கெட் எடுத்து வந்தால் மறுநாள் இலவசம் என்ற ஏற்பாடு நெடுநாள் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. வருகிறவர் முழு விலை கொடுக்கிறார், ஏமாந்ததாக நினைப்பதில்லை. காலையில் வந்தவருக்கும் மனக்குறை இல்லை, ஏனென்றால் எல்லோர் டிக்கெட்டும் ஒரே விலை.

ஆனால் இது எல்லா இடத்துக்கும் ஆகாது. மலையடிவாரச் சுற்றுலா ஊரில், இரவு தங்க வருகிறவர்கள் உள்ள இடத்தில் இது நடக்கும். மதியம் அறைக்கு வந்து சேர்ந்தவர், பெட்டியை வைத்துவிட்டு மாலையில் ஒரு சுற்று வந்து, மறுநாள் முழுக்க இருப்பார்; இரண்டு வேளை உள்ளேயே சாப்பிடுவார். பெருநகரப் பூங்காவில், மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவருக்கு இந்த இலவச நாளால் பயன் இல்லை. மறைமுகச் செலவு என்னவென்றால், இரண்டு நாள் டிக்கெட் விற்கும் பூங்காவாக இருந்தால் அந்த விற்பனை படுத்துவிடும். மறுநாள் சனிக்கிழமை என்றால் ஏற்கெனவே நிரம்பிய நாளில் பணம் தராத கூட்டமும் சேரும். ஆகவே எந்த நாள்களில் இந்த ஏற்பாடு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

## வழி ஐந்து: நுழைவு தனி, ரைடு தனி

நேரப் பிரச்சினையையே இல்லாமல் செய்யும் வழி. கோபன்ஹேகனில் 1843-ல் திறந்த டிவோலி பூங்காவில் இன்றும் நுழைவுச் சீட்டு வேறு, ரைடுக்கான பணம் வேறு. வேலை முடித்து வருபவர் நுழைவு மட்டும் எடுத்து, விளக்குகளைப் பார்த்தபடி நடந்துவிட்டு, ஒரே ஒரு ரைடு ஏறிவிட்டுப் போகலாம். 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டும் இப்படித்தான் தொடங்கியது. ரைடுகளைத் தரம் பிரித்து எழுத்து போட்ட சீட்டுப் புத்தகம் விற்றார்கள். 1959-ல் அதில் உயர்தர ரைடுகளுக்கான 'ஈ' சீட்டு சேர்ந்தது. 1982-ல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்று மாறினார்கள். நுழைவுக்கு ஒரு விலை, ரைடுக்கு ஒரு விலை என்பதை எப்படிப் பிரிப்பது என்று பொருளியலாளர் வால்டர் ஓய் 1971-ல் டிஸ்னிலேண்டை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்.

தோட்டம், இசை, உணவு என்று ரைடு ஏறாமலே இருக்கத் தகுந்த பூங்காவுக்கு இது பொருந்தும். ஒவ்வொரு ரைடு வாசலிலும் பணம் வாங்க ஆளோ இயந்திரமோ வேண்டும், பிள்ளைகளோடு வந்தவர் ஒவ்வொரு வாசலிலும் கணக்குப் பார்த்துத் தவிப்பார். ரைடை மட்டுமே நம்பியிருக்கும் பூங்கா தாமதமாக வருகிறவருக்காக மட்டும் இதற்கு மாறுவது வேண்டாத வேலை.

## ஒரே பார்வையில்

| வழி | பகல் ஆளின் வரிசை | வருமானம் | வாசல் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ஒரே விலை | மாறாது | திரும்பிப் போனவர் வழியாக இழப்பு | எளிது | சீக்கிரம் மூடுவது, எப்போதும் நிரம்புவது |
| மாலை டிக்கெட் | பேர்போன ரைடில் கூடும் | புது ஆள் வந்தால் லாபம் | முன்விற்பனை இருந்தால் எளிது | ஊருக்குள், இரவு வரை திறப்பது |
| மணிக்கணக்கு விலை | கணிக்க முடியாது | தள்ளிப்போடுவோரால் இழப்பு | மணிக்கொரு நெரிசல் | அரிது |
| மறுநாள் இலவசம் | மறுநாள் கூடும் | உள்ளே நடக்கும் செலவால் ஈடாகும் | எளிது | தங்கிப் போகும் சுற்றுலா ஊர் |
| நுழைவு தனி | தானே சரியாகும் | ரைடுக்கு ரைடு வரும் | ரைடு வாசலில் வேலை கூடும் | உலாவத் தகுந்த பூங்கா |

## நான் என்ன செய்வேன்

மூடும் நேரத்துக்குக் குறைந்தது நாலு மணி நேரம் முன்னால் தொடங்கும் மாலை டிக்கெட், வேலை நாள்களில் மட்டும், பகல் விலையில் 55 முதல் 65 சதவீதம் வரை, முன்கூட்டியே வாங்க வேண்டும். இதுதான் என் தேர்வு. நெரிசல் நாள்களில் அதை விற்கவே கூடாது. அந்த நாளில் காலி இருக்கை இல்லை. இல்லாததை விற்றால் பகல் ஆள்தான் பணம் கட்டுகிறார். நாலு மணி நேரம் கூட மிச்சமில்லாத பூங்கா, தள்ளுபடியை மறந்துவிட்டு, ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறக்க முடியுமா என்று முதலில் பார்க்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாலை என்றாலே மலிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் 2016-ல் தொடங்கிய 'ஆஃப்டர் ஹவர்ஸ்' பூங்கா மூடிய பிறகு மூன்று மணி நேரம் நடக்கும். அளவாக ஆட்களை விடுவார்கள், வரிசை இருக்காது, விலை பெரும்பாலும் பகல் டிக்கெட்டைவிட அதிகம். பகலில் கூட்டம் தாங்காத பூங்காவுக்குத் தள்ளுபடியைவிட இதுதான் பொருத்தம். விலை குறைத்துக் கூட்டம் சேர்ப்பதா, கூட்டத்தைக் குறைத்து விலை ஏற்றுவதா என்பது உங்கள் காலி இருக்கையின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் மூன்றை மட்டும் குறியுங்கள்: நாலு மணிக்கு மேல் முழு விலைக்கு வந்தவர், விலை கேட்டுத் திரும்பிப் போனவர், பேர்போன மூன்று ரைடுகளில் மணிக்கு எத்தனை இருக்கை காலியாகப் போயிற்று. இரண்டாவதைக் குறிக்கக் கவுண்டரில் இருப்பவரிடம் ஒரு பேனாவும் கோடு போட இடமும் போதும்.

## டிக்கெட் வாங்குகிறவருக்கு

மாலை டிக்கெட் மலிவாக இருந்தாலும் எல்லோருக்கும் லாபம் இல்லை. முதல் தடவை போகிறவர், சின்னக் குழந்தைகளோடு போகிறவர், நெடுந்தொலைவிலிருந்து வருகிறவர் மூவரும் பகல் டிக்கெட்டே எடுங்கள். வழி தெரியாமல் சுற்றுவதிலேயே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். குழந்தைகளுக்கான ரைடுகளும் தண்ணீர் ரைடுகளும் மற்றவற்றுக்கு முன்பே நின்றுவிடும் பூங்காக்கள் உண்டு. எந்த ரைடு எத்தனை மணிக்கு நிற்கும் என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே பார்த்த இடம், பிடித்த மூன்று ரைடு, வெயில் தாளாத பெரியவர் உடன் வருகிறார் என்றால் மாலை டிக்கெட்டைவிட நல்லது இல்லை.

உள்ளே போனதும், மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களை ஏற்றிவிட்டுத்தான் நிறுத்துவார்களா என்று ஊழியரிடம் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் ஏற்றுவார்கள். ஆம் என்றால், சின்ன வரிசைகளை முதலில் முடித்துவிட்டு, மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருப்பதிலேயே நீளமான வரிசையில் போய் நில்லுங்கள்.